ஊசிக்கு முன் ஒரு துளி

நீரிழிவு வந்த பூனையோடு வாழ்ந்த காலத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் எனக்கு மேலும் மேலும் உறுதிப்படுகிறது. சுகர் பார்க்காமல் பூனைக்கு இன்சுலின் போடக் கூடாது. அந்தச் சுகரையும் வீட்டிலேயே பார்க்க வேண்டும். இப்படிச் சொன்னால், சுகர் எகிறாமல் பிடித்து வைக்கத்தான் இந்தச் சோதனை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதன் முதல் பயன், இந்த வேளைக்கு ஊசி வேண்டுமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்வது. மனிதருக்கு வரும் சுகரையே பார்த்துப் பழகிய நம் மனதுக்கு இது சட்டென்று பிடிபடாது. வீட்டில் ஒருவருக்குச் சுகர் என்று வந்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான், அளவு ஏறுமே தவிர இறங்காது என்றுதான் நம் குடும்பங்களில் பேசிக்கொள்வார்கள். பூனையின் உடம்பு இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. வந்த நோய் வந்த வழியே திரும்பிப் போகவும் கூடும் என்பதுதான் அதன் விசேஷம். அந்த நல்ல செய்திக்குள்ளேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. சுரப்பது போதாமல் போகிறது. சுரந்ததும் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. நடுவயதைத் தாண்டிய, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டுக்குள்ளேயே இருந்து எடை போட்ட ஆண் பூனைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நெடுநாள் உச்சத்திலேயே நின்றால் அந்தச் சர்க்கரையே கணையத்தின் பீட்டா செல்களை முடக்கிப்போடும். இன்சுலின் கொடுத்து, மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாற்றி, அதை இறக்கி வைத்தால் முடங்கிய செல்களில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வந்துவிடுவதுண்டு. பல்லில் இருந்த சீழ் ஆறினாலும், வேறு நோய்க்குக் கொடுத்துவந்த ஸ்டீராய்டை நிறுத்தினாலும், உடம்பு இளைத்தாலும் இன்சுலின் தேவை சில வாரங்களுக்குள் சரிந்துவிடலாம். நேற்றுவரை சரியாக இருந்த 2 யூனிட் இன்றைக்கு உயிருக்கே உலை வைக்கும். வைத்தியம் எவ்வளவுக்குப் பலிக்கிறதோ அவ்வளவுக்கு, பார்க்காமல் போடும் ஊசியின் ஆபத்தும் கூடுகிறது. சுகர் இறங்கும்போது மனிதர் கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பூனை ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தூங்குகிறது என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் போதாதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. மருத்துவர்கள் 'குளுக்கோஸ் கர்வ்' என்று ஒன்று எடுப்பார்கள். காலை ஊசிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் 12 மணி நேரம் சர்க்கரையை அளந்து, அது எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கி மறுபடி எப்போது ஏறுகிறது என்று வரைந்து பார்ப்பது அது. அதற்காகப் பூனையைக் கூடையில் போட்டு, ஆட்டோவில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் கூடத்தில் பகல் முழுக்க ஒரு கூண்டில் வைத்திருக்க வேண்டும். பயந்த பூனையின் உடம்பில் அட்ரினலினும் அதன் கூட்டாளிகளும் பாய்கின்றன; கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜாக்கி ராண்டும் உடன் ஆய்வாளர்களும் ஆரோக்கியமான பூனைகளைக் குளிப்பாட்டிச் சர்க்கரையை அளந்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். திமிறிப் போராடுவதற்கும் சர்க்கரை ஏறுவதற்கும் நேரடித் தொடர்பு இருப்பது அதில் தெரியவந்தது. நோயே இல்லாத பூனையிடமும் பயம் நீரிழிவின் வேஷத்தைப் போட்டுக் காட்டிவிடும். சூரிக் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ரோய்ஷின் குழு காதில் ரத்தம் எடுக்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், வீட்டில் எடுத்த கர்வும் ஆஸ்பத்திரியில் எடுத்ததும் கணிசமான தடவைகள் மருந்தளவு பற்றி வெவ்வேறு முடிவுகளைச் சொல்லின. ஆஸ்பத்திரியில் எப்போதும் சர்க்கரை ஏறித்தான் இருக்கும் என்றும் இல்லை. மிரண்டுபோய்ச் சாப்பாட்டைத் தொடாத பூனைக்கு அங்கே குறைவாகவும் காட்டும். இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரு தராசை நம்பி மருந்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் எப்படி முடிவு செய்வது? கூடுதலாகக் காட்டிய எண்ணை நம்பி அளவைக் கூட்டி அனுப்பினால், பயம் தெளிந்து வீட்டுக்கு வந்த பூனைக்கு அந்த ஊசி மிகையாகிவிடும்.

சரி, வீட்டில் தினமும் குத்துவது மட்டும் கொடுமை இல்லையா என்பார்கள். வாயில்லா ஜீவன் என்ற இரக்கத்தில் பிறக்கும் கேள்வி இது. அதனால் செய்முறையைக் கிட்டப் போய்ப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். பூனையின் காது மடலின் வெளி ஓரத்தில், மெல்லிய முடிக்கு அடியில், ஒரு சன்னமான ரத்த நாளம் ஓடுகிறது. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிர்நிறப் பூனையிடம் அது சிவந்த கோடாகத் தெரியும். கறுப்புப் பூனையிடம் பழக்கத்தால்தான் இடம் பிடிபடும். நாளத்தையே குத்த வேண்டியதில்லை. அதற்கும் காதின் விளிம்புக்கும் நடுவே உள்ள குறுகலான பட்டைதான் குத்தும் இடம். குத்துவதற்கு முன் காதுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்த காதில் எவ்வளவு குத்தினாலும் ரத்தம் வராது. சாக்ஸில் கொஞ்சம் அரிசியைப் போட்டு முடிந்து, சூடாக்கி, நம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒற்றி எடுத்தால் போதும். இரு விரலுக்கு நடுவே வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துக் கொடுத்தாலும் சரிதான். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு ஒன்றைக் கொடுத்தால் அணைப்பாகவும் இருக்கும், நம் விரலும் தப்பும். வாசலினை விரல் நுனியில் தொட்டு ஒரு படலம் தடவிவிட்டால், ரத்தம் முடிக்குள் பரவாமல் திரண்டு நிற்கும். கடுகைவிடச் சிறிய துளி. ஸ்ட்ரிப்பின் நுனியை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே உறிஞ்சிக்கொள்ளும். உடனே பஞ்சால் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை விட்டால் காது கன்றிப்போகும். பிறகு உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. குத்தும் பேனாவின் 'டக்' சத்தத்துக்கு மிரளும் அளவுக்குப் பல பூனைகள் குத்துக்கு மிரளுவதில்லை. அதனால் பேனாவுக்குள் இருக்கும் லான்செட் ஊசியை வெறும் கையில் பிடித்துக் குத்துவதே மேல். சில வாரம் போனால், மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் கோழிக்காகத் தானே வந்து உட்காரும் பூனைகள் உண்டு. காதுக்குக் கிட்டவே விடாத பூனைகளும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்கு முன்னங்கால் மெத்தையில் எடுக்கலாம், அல்லது நான் பின்னால் சொல்லும் சென்சார் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற இந்தக் குத்தையும் நாள் முழுக்க நீளும் கூண்டுவாசத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொடுமை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைவிட ஆழமான மறுப்பு மருத்துவத் துறையிலிருந்து வருவது. வீட்டுக்காரர் கையில் மீட்டரைக் கொடுத்தால் அவரே டாக்டர் ஆகிவிடுவார், தன் இஷ்டத்துக்கு மருந்தை மாற்றுவார் என்ற பயம் அது. இந்தப் பயத்துக்கு நெடிய வரலாறு உண்டு. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சுகர்க்காரர்களின் வீட்டில் பெனடிக்ட் கரைசல் புட்டி இருந்தது. கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசலோடு சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சூடுகாட்டி, அது பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறத்துக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டிலேயே செய்த சோதனைதான். ஆனால் சிறுநீரில் தெரிவது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. சர்க்கரை ஒரு வரம்பைத் தாண்டி வழிந்தால்தான் அதில் தெரியும்; தாழ்ந்துபோனதை அது ஒருநாளும் சொல்லாது. ரத்தத்தை அளக்கும் கருவி 1970 வாக்கில் அமெரிக்காவில் வந்தபோது, அது ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் மட்டும் என்றார்கள். மயங்கிக் கிடப்பவர் குடிபோதையில் இருக்கிறாரா, சுகர் பாதிப்பில் இருக்கிறாரா என்று இரவு நேரத்தில் அவசரப் பிரிவில் கண்டுபிடிக்கத்தான் அது பெரிதும் உதவும் என்று எண்ணினார்கள். சிறுவயது முதல் நீரிழிவோடு வாழ்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர் அதைக் கேட்டபோது நோயாளிக்கு விற்க மறுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி மருத்துவர் என்பதால் மனைவியின் பெயரில் அதை வாங்கினார். ஒரு நாளில் பல தடவை அளந்து, தன் உணவையும் இன்சுலினையும் தானே சீர்செய்து கொண்டார். அதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை; அதனாலேயே நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகி வெளியே வந்தார். 1978-ல் இங்கிலாந்திலிருந்து பீட்டர் சாங்க்சன் குழுவும் ராபர்ட் டாட்டர்சால் குழுவும், நோயாளிகள் வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்த்தால் கட்டுப்பாடு மேம்படுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். இன்றைக்கு, வீட்டில் சுகர் பார்க்காதீர்கள் என்று எந்த டாக்டராவது சொல்வாரா? மனிதருக்கு அன்று சொன்ன மறுப்பையே பூனைக்கு இன்று சொல்கிறோம். நியாயமும் பழையதுதான், விடையும் அதேதான். மீட்டரை ஒளித்து வைத்தால் யாரும் பாதுகாப்பாகிவிடுவதில்லை. எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும், எதற்குப் போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

எழுதிக் கொடுப்பது என்றேன். அது உண்மையில் ஒரு சின்ன சீட்டில் அடங்கிவிடும் விஷயம். ஊசிக்கு முன் இத்தனைக்குக் கீழே இருந்தால் போடாமல் கூப்பிடுங்கள், சாப்பிடாவிட்டால் கூப்பிடுங்கள், இத்தனை நாளைக்கு மருந்தளவை மாற்றாதீர்கள், அவ்வளவுதான். பூனைக்கு இன்சுலின் தொடங்கும் அளவு வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட், மிஞ்சினால் 2. இந்தச் சிறிய அளவில் அரை யூனிட் கூடுவதும் குறைவதும் பெரிய மாற்றம். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ளதும் மருந்துக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 2-ஆவது கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நான்கு கிலோ பூனைக்கு இது உயிர்போகும் விஷயம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாலும், வீட்டில் வேறொருவர் போட்டாலும், இந்தத் தவற்றை ஊசிக்குப் பிறகு சில மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கக்கூடியது மீட்டர் ஒன்றுதான்.

மனிதருக்கான மீட்டர் பூனைக்குச் சரியாகக் காட்டுமா என்பது நியாயமான தொழில்நுட்பக் கேள்வி. காட்டாது என்பதே நேரான பதில்; எவ்வளவு, எந்தப் பக்கம் பிசகும் என்று தெரிந்தால் பயன்படுத்தலாம் என்பது அதன் தொடர்ச்சி. மனித ரத்தத்தில் குளுக்கோஸ் பிளாஸ்மாவிலும் சிவப்பணுக்களிலும் கிட்டத்தட்ட 58-க்கு 42 என்ற வீதத்தில் பிரிந்திருக்கிறது. பூனையிடம் அது 93-க்கு 7. ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில்தான். மனித விகிதத்துக்கு ஏற்ப அமைத்த மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பூனைக்கும் நாய்க்கும் என்றே அமைத்த ஆல்ஃபாட்ராக் போன்ற மீட்டர்கள் இதைச் சரிசெய்து காட்டுகின்றன. கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதபோது வீட்டு அலமாரியில் இருக்கும் மீட்டரே போதும் என்று நான் வாதிடுவேன். அது பிசகும் பக்கம் பெரும்பாலும் பாதுகாப்பான பக்கம். இல்லாத தாழ்வைக் காட்டி நம்மை நிறுத்தி வைக்கக்கூடும், இருக்கும் தாழ்வை மறைப்பது அரிது. ஒரே மீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற போக்கும் தெரிந்துவிடும். எந்த மீட்டரில் பார்த்தது என்று டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப அவர் எல்லையை வகுத்துக்கொள்வார். மனிதருக்கான மீட்டர்களுக்கே சர்வதேசத் தர விதி 15 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. உண்மையில் 300 இருந்தால் மீட்டர் 255 என்றும் காட்டலாம், 345 என்றும் காட்டலாம். இதைத் தெரிந்துகொண்டவர் 310-க்கும் 290-க்கும் நடுவே தூக்கத்தைத் தொலைக்க மாட்டார்.

தூக்கம் தொலைவது பற்றி இங்கே பேசித்தான் ஆக வேண்டும். வீட்டில் அளப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்த மறுப்பு இதுதான். எண் கையில் இருந்தால் மனம் எண்ணின் பின்னாலேயே ஓடும். காலையில் 350 என்றால் கூட்டத் தோன்றும், மாலையில் 120 என்றால் குறைக்கத் தோன்றும். பூனையின் முகத்தைப் பார்ப்பதை விட்டு மீட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இது கற்பனைப் பயம் அல்ல. சூரிக் குழுவே 2007-ல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. வீட்டில், பயமில்லாமல் எடுத்த கர்வுகள்கூட நாளுக்கு நாள் கணிசமாக மாறுகின்றன என்றது அது. அப்படியானால் வீட்டு எண்ணை மட்டும் எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்கலாம். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். நாளுக்கு நாள் மாறும் ஒன்றை எப்போதாவது ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அளந்து முடிவெடுப்பது எவ்வளவு பலவீனமானது என்பதைத்தான் அந்த ஆய்வு சொல்கிறது. மாறும் பொருளுக்கு அடிக்கடி அளப்பதுதான் மருந்து. அடிக்கடி அளக்க வீட்டால்தான் முடியும். அளப்பதும் மாற்றுவதும் வேறு வேறு வேலைகள் என்று மனதில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் அளக்கலாம், தினமும் மாற்றக் கூடாது. கூட்டுவது மெதுவாக, பல நாள் எண்களை ஒன்றாக வைத்து, டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியது. ஊசியை நிறுத்தி வைப்பது மட்டும் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து அந்த நிமிடமே செய்யலாம். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைக்கப்படுவது. ஒரு வேளை ஊசி தப்பினால் சர்க்கரை சில மணி நேரம் கூடுதலாக இருக்கும். தப்பாக ஒரு ஊசி போட்டுவிட்டால் பூனை மாலைக்குள் வலிப்பில் கிடக்கலாம்.

2009-ல் கிர்ஸ்டன் ரூம்பும் ஜாக்கி ராண்டும் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. கிளார்ஜின் இன்சுலின் போட்டு, வீட்டிலேயே அடிக்கடி அளந்து, இறுக்கமாகக் கட்டுப்படுத்திய 55 பூனைகள். அவற்றில் 64 சதவீதத்துக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வந்தது. நோய் தெரிந்த 6 மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் அது 84 சதவீதம். தாமதமாகத் தொடங்கியவற்றில் 35. இவ்வளவு இறுக்கியும் கடுமையான தாழ்வுநிலை அறிகுறிகள் மிக அரிதாகவே வந்தன. இதை வெற்றி முரசாகக் கொட்டக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொகுதி அதில் இல்லை, வந்தவர்களெல்லாம் தாமாக முன்வந்த, அக்கறை மிகுந்த வீட்டுக்காரர்கள், உணவும் மாற்றப்பட்டிருந்தது. எது எவ்வளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை. ஆனால் நான் இங்கே நிறுவ நினைப்பதற்கு அந்தக் குறை தடையில்லை. இத்தனை பூனைகளுக்கு இன்சுலின் தேவை பூஜ்யத்துக்கு இறங்கக்கூடும் என்றால், அந்த இறக்கம் நடந்த வாரங்களில் ஒவ்வொரு வேளையும் யாரோ ஒருவர் எண்ணைப் பார்த்து ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பார்க்காமலேயே பழைய அளவைப் போட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும்? பூனை மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வீட்டில் அளப்பதை ஊக்குவிக்கவே செய்கிறது.

அறிகுறிகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது, மணல் தட்டில் கட்டி எவ்வளவு பெரிதாகத் திரள்கிறது, தின்றும் தின்றும் இளைக்கிறதா, பின்னங்காலைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்கிறதா, இதெல்லாம் எந்தக் கருவியும் தராத தகவல்கள். எடையைக் குறித்து வைப்பது கட்டாயம். ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தச் சோதனையும் ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைச் சொல்லிவிடும். அந்த நேரத்துப் பயத்தால் அது மாறுவதில்லை. ஆனால் இவை எல்லாமே சர்க்கரை கூடினால் பேசும் சாட்சிகள். பூனையின் சிறுநீரில் சர்க்கரை வழிவதே ரத்தத்தில் 250, 300-ஐத் தாண்டிய பிறகுதான். சராசரி நன்றாக இருக்கிறது என்பதற்கு, நண்பகலில் 45-க்கு இறங்கி நள்ளிரவில் 300-க்கு ஏறுகிறது என்றும் பொருள் இருக்கலாம். தண்ணீர் குடிப்பது குறைந்தது என்று நாம் மகிழும் அதே வாரத்தில்தான் இன்சுலின் மிகையாகத் தொடங்கியிருக்கும். தாழ்வுநிலை பற்றி முன்கூட்டிச் சொல்லும் அறிகுறி ஒன்றும் கிடையாது. தள்ளாட்டமும் நடுக்கமும் வெறித்த பார்வையும் வந்தபின் அது முன்னறிவிப்பு ஆகாது. அப்படி வந்துவிட்டால், விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேனையோ கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

தோலில் ஒட்டும் சென்சார்கள் வந்த பிறகு குத்துவதே தேவையில்லை என்பவர்களும் உண்டு. ஃப்ரீஸ்டைல் லிப்ரே மனிதருக்காக 14 நாளுக்கென்று செய்தது. பூனையின் முதுகில் முடியை மழித்து ஒட்டுகிறார்கள். பல பூனைகளிடம் அதற்கு முன்பே விழுந்துவிடும். இரவில் பூனை தூங்கும்போதும் கோடு வரைந்துகொண்டே இருப்பது பெரிய உதவிதான். ஆனால் அது அளப்பது தோலுக்கடியில் உள்ள திரவத்தை. ரத்தம் சொல்வதைச் சில நிமிடம் கழித்துத்தான் அது சொல்லும். நமக்கு மிகவும் தேவையான தாழ்ந்த எல்லையில்தான் அதன் துல்லியம் தடுமாறுகிறது. சென்சார் 50 என்றால் காதில் ஒரு துளி எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மாத்திரையும் வந்துவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்லோஸினையும் 2023-ல் வெலாகிளிஃப்லோஸின் என்ற திரவ மருந்தையும் பூனைகளுக்கு அனுமதித்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள் இவை. ஊசி இல்லை, தாழ்வுநிலைப் பயமும் குறைவு. ஆனால் இவற்றில் ரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன்கள் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், முன்பு இன்சுலின் போட்ட பூனைக்கு இவை ஆகாது, கீட்டோன் பார்ப்பதும் கட்டாயம் என்கிறார்கள். மருந்து மாறினால் அளக்க வேண்டிய பொருள் மாறுகிறது. அளக்கும் கடமை நம்மிடமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சாதகம் உண்டு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. தெருவுக்குப் பல வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. விரலில் குத்திச் சுகர் பார்க்கத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரிப் ஒரு டீ, வடைக் காசுக்குள் வந்துவிடும். இன்னொரு பக்கம், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போல எல்லா வசதியும் உள்ள இடம் மாவட்டங்களில் பக்கத்தில் இருப்பதில்லை. ஊர்க் கால்நடை மருந்தகம் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காகவே இயங்குகிறது. பெருநகருக்கு வெளியே பூனை வளர்ப்பவருக்குப் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் கர்வ் எடுப்பது என்பதே நடக்கிற காரியம் இல்லை. அவருக்கு வீட்டு மீட்டர் இல்லையென்றால் எந்த மீட்டரும் இல்லை. செலவாகும்தான், இரண்டு வேளை இன்சுலின், ஸ்ட்ரிப், மாவுச்சத்துக் குறைந்த உணவு எல்லாம் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது சுமைதான். ஒவ்வொரு வேளையும் பார்க்கக் கட்டுபடியாகாதவர்கள் நாளுக்கு ஒரு முறையாவது ஊசிக்கு முன், அதுவும் முடியாவிட்டால் பூனை சாப்பிடாத நாளிலும், சோர்ந்த நாளிலும், அளவு மாற்றிய வாரத்திலுமாவது பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீரிழிவு என்று சொல்லும் நாளில் வீட்டுக்காரருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறீர்கள். அதே நாளில், அதே மேஜையில், காதோரத்தில் ஒரு துளி எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுங்கள்.